பிடியரிசியும் பெருக்குமாறும்

'குப்பை' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நாம் முகஞ்சுளிக்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்கு இத்தகைய இழிபொருள் இல்லை. குவிந்து கிடப்பது எதுவோ அதுவே குப்பை. களத்திற் குவித்த நெல்லையும், உமணர் குவித்த உப்பையும் சங்கச் சான்றோர் அச்சொல்லாலேயே சுட்டினர். அண்மைக்காலம் வரையிலும் நம் சிற்றூர்களில் வீட்டின் பின்புறத்துக் குப்பைக்குழி ஒரு செல்வமாகவே மதிக்கப்பட்டது. சாணமும் சாம்பலும் இலைதழையும் அக்குழியில் மட்கின. கோடை உழவுக்கு முன் வண்டியேறிக் கரிசற் காட்டுக்கு உரமாகச் சென்றன. அந்நாளில் ஒவ்வொரு வீட்டுக் குப்பைக்கும் போய்ச் சேரும் இடம் ஒன்று இருந்தது. இன்று அந்த இடம் இல்லை. மட்காத பாலித்தீன் உறையை எந்த உழவரும் தம் நிலத்துக்குக் கேட்பதில்லை. ஆதலால் குப்பை தெருவுக்கும், தெருவிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் அலைகின்றது. சொல் இழிந்ததற்குக் காரணம் பொருள் இழிந்தமையே. பொருள் இழிந்ததற்குக் காரணம் நாமே.

இக்கருத்தை நாம் நூல்களிலிருந்து கற்றோம் என்று சொல்வதற்கில்லை. ஏழாயிரம்பண்ணையில் ஒரு மூதாட்டியிடமிருந்தே கற்றோம். சாத்தூர்ப் பகுதியில் பாளையக்காரர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. இன்று சுற்றுவட்டாரம் முழுமைக்கும் பட்டாசும் தீப்பெட்டியுமே சோறிடும் தொழில்கள். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளிலும் இவ்வூர்களில் அடுப்பெரிந்தது இத்தொழில்களால்தான். சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களுடன் அங்கு ஏழு நாள் தங்கினோம். தெருத்தெருவாகப் பெருக்கினோம். வெட்டிய தாள்துண்டுகள், பட்டாசுக் குழாய்க்கு உதவாத அட்டைகள், தேநீர்க் குவளைகள், பாலித்தீன் உறைகள் என மலையாகக் குவிந்தன. அவற்றை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஓடைக்கரையிற் கொட்டினோம். நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நிறைவு விழாவில் நமக்குப் பொன்னாடையும் போர்த்தினர்.

ஐப்பசி மழை பெய்தபின் அவ்வூருக்கு மீண்டும் ஒருமுறை செல்ல நேர்ந்தது. நாம் கொட்டிய குப்பையில் ஒரு பகுதியை ஓடைநீர் அள்ளிச் சென்று கண்மாய் மடையருகே ஒதுக்கியிருந்தது. வீட்டுத் திண்ணையிலிருந்து பட்டாசுக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். "தெருவைச் சுத்தம் பண்ணுனீக, சரி. கம்மாயை யாரு வந்து சுத்தம் பண்ணுவா, வாத்தியாரையா?" என்று கேட்டார். அக்குரலில் சினமில்லை, ஐயம் மட்டுமே இருந்தது. நம்மிடம் விடையில்லை. தூய்மை செய்ததாக எண்ணி நாம் செய்தது இடமாற்றமே என்பதை அந்த ஒரு கேள்வி உணர்த்திற்று. அன்று பெற்ற நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

நாம் செய்த பிழையைப் பெருநகரங்களும் செய்துள்ளன. 1989 ஆம் ஆண்டு சென்னையில் வங்கிப் பணியாளராக இருந்த எம்.பி. நிர்மல் 'எக்ஸ்னோரா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். மாநகராட்சித் தொட்டிகள் நிரம்பி வழிந்த காலம் அது. அரசு வரட்டும் என்று காத்திராமல் ஒரு தெருவார் ஒன்றுகூடினர். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் ஒரு சிறு தொகை திரட்டினர். மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கினர். குப்பை பொறுக்கிப் பிழைத்த இளைஞர் ஒருவரை ஊதியத்துக்கு அமர்த்தினர். அவருக்குத் தெருவை அழகுபடுத்துவோர் என்று மதிப்புடைய பெயரும் சூட்டினர். அவர் நாள்தோறும் வீட்டு வாயிலுக்கே வந்து குப்பையைப் பெற்றுச் சென்றார். இம்முறை தெருவுக்குத் தெரு பரவிற்று. தெருவைக் காப்பது தெருவார் கடமை என்னும் எண்ணத்தைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தவற்றுள் இவ்வியக்கத்துக்குச் சிறப்பிடம் உண்டு.

ஆயினும் அங்கும் அந்த மூதாட்டியின் கேள்வி எழாமல் இல்லை. தெருவிலிருந்து அகன்ற குப்பை எங்கே சென்றது? கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் சென்றது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே வளர்ந்தது. மழைநீரை உறிஞ்சி வைத்துத் தென்சென்னையை வெள்ளத்தினின்று காக்க வேண்டிய நிலம் அது. பல்லாயிரம் பறவைகளின் தங்குமிடம். 2022 ஆம் ஆண்டு உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தின் ஒரு பகுதியைத்தான் நாம் பல்லாண்டுகள் குப்பையால் மூடினோம். தெருவைப் பெருக்குவது பாதிப் பணியே என்பதை இயக்கத்தாரும் உணர்ந்தனர். வீட்டிலேயே பிரித்தல், மட்குவதை உரமாக்கல் என்று தம் பணியை விரித்தனர். தொடக்கம் நன்று, அதனினும் நன்று, பிழை கண்டு திருந்தியமை.

சட்டம் இல்லாமையால் குப்பை பெருகிற்று என்று எவரேனும் சொன்னால் அது பொருந்தாது. 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றி, மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு ஓடியபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ராவ் அந்நகரைத் தூய நகரங்களின் வரிசைக்கு உயர்த்தினார். 1996 ஆம் ஆண்டு அல்மித்ரா பட்டேல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2000 ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016 ஆம் ஆண்டு விதிகள் குப்பையை வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என மூவகையாகப் பிரிக்கப் பணித்தன. 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு தடைசெய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கிற்று. சட்டங்கள் உள்ளன. அவற்றைத் தெருவில் நின்று காக்கும் கண்களே வேண்டும்.

அத்தகைய கண்களின் ஆற்றலை 2024 டிசம்பரில் நெல்லைச் சீமை கண்டது. கேரளத்து மருத்துவமனைகளின் கழிவுகள் லாரிகளில் வந்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் முதலிய சிற்றூர்ப் பகுதிகளிற் கொட்டப்பட்டன. ஊர்மக்கள் கண்டனர், முறையிட்டனர், செய்தி பரவிற்று. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் அக்கழிவை அகற்றுமாறு கேரள அரசைப் பணித்தது. சில நாள்களில் அம்மாநில அலுவலர்கள் லாரிகளுடன் வந்து கொட்டியதை அள்ளிச் சென்றனர். வந்த குப்பை வந்த வழியே திரும்பிச் சென்றது, நம் நாட்டில் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. நள்ளிரவில் வந்து நிற்கும் முன்பின் அறியாத வண்டி எது, அது ஏன் நிற்கிறது என்று கேட்கும் ஒருவர் ஊரில் இருந்தால் போதும். ஊர்க்காவலின் தொடக்கம் அதுவே.

எனினும் அண்டை மாநிலத்தைக் குறைகூறிவிட்டு அமைதியடைதல் நமக்கு அழகன்று. தன் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணிய மனமே அங்கு லாரியை அனுப்பியது. அதே மனமே ஓடைக்கரையில் நம் வண்டியையும் நிறுத்தியது. அளவில் வேறுபாடு உண்டு. தன்மையில் வேறுபாடு இல்லை.

பட்டாசு வட்டாரத்துக்கு இதில் தனிப்பொறுப்பு ஒன்று உண்டு. 1922 ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரால் சிவகாசியில் தொடங்கிய தொழிற்பெருக்கம் இப்பகுதியின் முகத்தையே மாற்றியமைத்தது. தீக்குச்சி எரிந்து சாம்பலாகும். பெட்டி மட்கி மண்ணாகும். அதன் இடத்தைப் பிடிக்க வந்த நெகிழி லைட்டரோ தூக்கியெறிந்த பின்னும் நெடுங்காலம் மண்ணிற் கிடக்கும். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 இல் மைய அரசு தடைவிதித்தபோது சாத்தூரும் கோவில்பட்டியும் மகிழ்ந்தன. தூக்கியெறியும் பண்பாடு தம் பிழைப்பையும் எரிக்கும் என்பதை இப்பகுதி மக்கள் பிறரினும் நன்கறிவர்.

அந்நியாயத்தை அறிந்த நாம் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாம் செய்யும் பட்டாசு தீபாவளி மறுநாள் நாட்டின் எல்லாத் தெருக்களிலும் தாள்குப்பையாகக் கிடக்கிறது. சென்னை மாநகராட்சி அதனைப் பிற குப்பையோடு கலக்காமல் தனியே திரட்டி, தீங்கு தரும் கழிவுகளைக் கையாளும் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு அனுப்புகிறது. தீபாவளி நாளின் குப்பைக்குத் தலைநகரில் தனி வண்டி உண்டு. ஆண்டு முழுதும் அதே பொருளைக் கையாளும் ஊர்களுக்கும் அத்தகைய தனி ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த மருந்து, தரையில் சிந்தினாலும் மருந்தே. தாளில் ஒட்டியிருந்தாலும் மருந்தே. 2021 பிப்ரவரி 12 ஆம் நாள் ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள அச்சன்குளத்தில் நேர்ந்த பட்டாசாலை வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அது பணிக்கூடத்தில் நேர்ந்த விபத்து, குப்பையால் நேர்ந்ததன்று. ஆயினும் அம்மருந்தின் இயல்பு எத்தகையது என்பதை அவ்வூர்களின் ஒவ்வொரு வீடும் அறியும். மருந்து படிந்த கழிவை வெளியில் வீசுவது குப்பை போடுதலாகாது. பிறர் குழந்தையின் கையில் நெருப்பைக் கொடுத்தலாகும். அதனை விதிப்படி அழிப்பது உரிமம் பெற்றோரின் நீங்காக் கடமை. மாணவரோ தூய்மைப் பணியாளரோ அதனைத் தொடலாகாது, தீயிடவும் கூடாது, கண்டால் உரியோருக்கு அறிவித்தலே முறை. ஆர்வத்தால் வெறுங்கையோடு எதையும் அள்ளப் புகுந்த நம் முகாம் நாள்களை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு நடுங்குகிறது.

'ஊராட்சி இருக்கிறது, தூய்மைக் காவலர் இருக்கிறார், நமக்கென்ன?' என்று கேட்பார் உளர். தூய்மைக் காவலர் இருக்கிறார் என்பது உண்மையே. காலையில் தள்ளுவண்டியோடு நம் வாயிலுக்கு வரும் அவருக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? பழைய சோறும் உடைந்த கண்ணாடியும் குழந்தையின் அணையாடையும் ஒரே பையில் முடிந்து கொடுக்கிறோம். நாம் பிரிக்க அருவருத்ததை அவர் வெறுங்கையால் பிரிக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். நம் அருவருப்பை மற்றொரு மனிதர்மேல் ஏற்றிவைப்பதற்குப் பெயர் தூய்மையன்று. வள்ளுவர் புறத்தூய்மையை நீரோடும் அகத்தூய்மையை வாய்மையோடும் சேர்த்துப் பேசினார். வீட்டை நீரால் கழுவி, அழுக்கைப் பிறர் கையிற் கொடுப்போருக்கு அகத்தூய்மை எங்ஙனம் வாய்க்கும்? பாதையிற் கிடக்கும் இடரை அகற்றுதலை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணிய மார்க்கத்தைச் சார்ந்தோர், பாதையில் இடர் போடாதிருத்தலை அதற்கு முன்னதான கடமையாகக் கொள்ள வேண்டாவா? மக்கள் நடக்கும் வழியையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தம் செய்தலை நபிகள் நாயகம் (ஸல்) கடிந்துரைத்ததை நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

'பணம் எங்கே?' என்று கேட்பாரும் உளர். இக்கேள்விக்கு இம்மாவட்டத்து மண்ணிலேயே விடை உண்டு. அரசின் கைம்மாறு கருதாது பள்ளிகளைக் கட்டி எழுப்பிய மண் இது. வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு பகுதியை உறவின்முறைப் பொதுநிதிக்கு ஒதுக்கினர். அதற்கு மகமை என்று பெயர். தாய்மார் உலை வைக்குமுன் ஒருபிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டனர், அது பிடியரிசி. காமராசர் பயின்ற விருதுநகர்ப் பள்ளி அத்தகைய பிடியரிசியால் வளர்ந்ததே. நம் ஜமாஅத்துகளிலும் பைத்துல்மால் என்னும் பொதுநிதி அதே நோக்கில் ஏழைகளின் துயர் துடைத்து வருகிறது. கல்விக்கு ஒருபிடி அரிசி ஈந்த கைகள், தூய்மைக்கு அதில் நூற்றிலொரு பங்கு ஈய மறுக்குமோ? தீப்பெட்டி அலுவலகமும் பட்டாசாலையும் அச்சகமும் தேநீர்க் கடையும் தத்தம் அளவுக்கேற்ப ஒரு தூய்மை மகமை ஈந்தால், ஓர் ஊருக்குத் தேவையான கூடங்களும் கையுறைகளும் வண்டியும் அரிய பொருள்களாகமாட்டா.

இது வெறுங்கனவு அன்று. வேலூர் சி. சீனிவாசன், குப்பையைப் பிரித்தால் அது பொருள் என்பதைத் தம் ஊர்ப் பகுதியிலேயே செய்து காட்டினார். காய்கறிக் கழிவு கால்நடைக்கும் உரத்துக்கும், தாளும் அட்டையும் நெகிழியும் தனித்தனியே விற்பனைக்கும் என வகைப்படுத்திய அம்முறை சத்தீஸ்கர் மாநிலத்து அம்பிகாபூர் நகருக்குச் சென்றது. அங்கே மகளிர் தன்னுதவிக் குழுக்கள் வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெற்றன, கூடங்களில் மேலும் வகைப்படுத்தி விற்றன, ஊதியம் ஈட்டின. பழைய குப்பைக்கிடங்கு பூங்காவாயிற்று. தமிழ்நாட்டில் முளைத்த எண்ணம் வடக்கே நிழல் தரும் மரமாயிற்று. தீக்குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் குழாய் உருட்டியும் கைவிரைவில் ஈடற்ற நம் பெண்டிர்க்கு இப்பணி இயலாதா? வெட்டிய தாளும் அட்டையும் மிகுந்த இவ்வூர்களில், மருந்து படாத தூய தாள்கழிவு மட்டுமே ஒரு நல்ல சரக்கு என்பதைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எவரும் சொல்வர்.

ஆதலின் நாம் முன்வைப்பன சிலவே. முதலாவது, வீட்டில் இரண்டு கூடைகள். மட்குவதற்கு ஒன்று, மட்காததற்கு ஒன்று. இடமுள்ள வீட்டார் பழைய குப்பைக்குழியை மீட்டெடுப்பாராக. இரண்டாவது, ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராமசபையில் குப்பையையும் ஒரு பொருளாக்குதல். எங்கே கொட்டப்படுகிறது, எவ்வளவு உரமாயிற்று, எவ்வளவு விற்கப்பட்டது என்னும் கணக்கை ஊரார் கேட்பாராக. கணக்குக் கேட்கப்படாத பணி காலப்போக்கில் நின்றுவிடும். மூன்றாவது, பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் தத்தம் விழா நாள்களில் உண்டாகும் குப்பையைத் தாமே பிரித்து ஒப்படைத்தல். கந்தூரி விருந்திலும் பொங்கல் விழாவிலும் நெகிழிக் குவளைக்கு இடமில்லை என்று பெரியோர் ஒருமுறை சொன்னால் அது நூறு சுவரொட்டிக்கு ஒப்பாகும்.

நான்காவது நம் கல்லூரிகளுக்கு. முகாமின் வெற்றியைக் கூட்டியள்ளிய வண்டிகளின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிப்போமாக. நாம் சென்ற ஊரில் ஓராண்டுக்குப் பின் ஓடைக்கரை எவ்வாறு உள்ளது என்பதே அளவுகோலாகட்டும். ஏழு நாள் பெருக்குவதினும், ஏழு வீட்டாரைப் பிரித்துக் கொடுக்கப் பழக்குதல் மேலான தொண்டு. பெருக்குமாறு பிடித்த கைகளுக்குப் பொன்னாடை போர்த்தும் நாளில், அதனை நாள்தோறும் பிடிக்கும் தூய்மைக் காவலர் மேடையின் நடுவில் அமரட்டும்.

இவை யாவும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. இரண்டு கூடை வைத்த வீட்டில் மூன்றாம் நாள் இரண்டும் கலந்துவிடும். மீண்டும் பிரிக்க வேண்டும். பிடியரிசிக் கலமும் முதல் மாதத்திலேயே பள்ளிக்கூடம் ஆகிவிடவில்லை. நாள்தோறும் ஒரு பிடி என்னும் மாறாமையே அதனைப் பள்ளியாக்கிற்று. தூய்மையும் அவ்வாறே சிறுகச் சிறுகச் சேர்வது.

அம்மூதாட்டியின் கேள்வி இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது. கண்மாயை யார் வந்து தூய்மை செய்வார்? எவரும் வரவேண்டாத நிலையைப் படைத்தலே அதற்குரிய விடை. அவ்விடையை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை அவர் திண்ணைக்குச் செல்ல விழைகிறோம். அந்நாள் வரையில் அவருக்கு நாம் கடன்பட்டவர்களே.